மகிழடியில் உரைத்த சூளுறவு

(திருக்குட நன்னீராட்டு விழாவையொட்டித் திருக்கோயில் வளாகத்தில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றையும் முறையாக வழிபடுதல் சைவ நன்மரபு. இம்மூன்றனுள் தலம் என்பதனோடு உடன்வைத்து எண்ணப்படுவது தலமரம். மூர்த்தியின் பெருமையை விரித்துரைப்பார் பலர். தீர்த்தத்தின் சிறப்பைச் சொல்வாரும் உளர். தலமரத்தைப் பற்றியோவெனின், தல வரலாற்றுச் சிறுநூல்களில் ஒரு வரி காணப்படும். அவ்வரியிலும் மரத்தின் பெயரன்றி வேறொன்றும் இராது. வலம் வருவோர் மரத்தடியில் ஒரு கணம் நின்று, கைகுவித்து, மஞ்சட் கயிற்றைக் கட்டிவிட்டு அப்பாற் செல்வர். அம்மரம் ஏன் அங்கே நிற்கின்றது, அதற்கும் கருவறையில் எழுந்தருளியிருக்கும் பெருமானுக்கும் என்ன தொடர்பு என்று வினவுவார் அரியர்.

திருவள்ளூர் மாவட்டத்து அன்பர்கள் இவ்வினாவை எழுப்புதற்குப் பிறரினும் உரிமையுடையவர். இம்மாவட்டத்துச் சிவத்தலங்களின் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். திருவாலங்காடு, திருவேற்காடு, திருமுல்லைவாயில், திருப்பாசூர், திருப்பாலைவனம். ஆலும், வேலும், முல்லையும், பாசு எனப்படும் மூங்கிலும், பாலையும் இங்கே ஊர்ப்பெயர்களாய் நிற்கின்றன. இன்று இரும்புருக்காலைகளின் புகைபோக்கிகளும், சரக்குந்துகள் வரிசையாய் நிற்கும் சாலைகளும் விளங்கும் இந்நிலம் முன்னாளில் காடாகவே இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா. காடு போயிற்று, காட்டின் பெயர் கோயிலின் பெயராய் நின்றுவிட்டது.

இவற்றுள் திருப்பாலைவனம் என்னும் பெயரைப் பற்றி ஒரு சொல். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு செல்லும் வழியில் உள்ளது அத்தலம். பாலைவனம் என்று கேட்டவுடன் நீரற்ற மணல்வெளியை நினைப்பார் இன்று பலர். பாடப் புத்தகம் செய்த வேலை அது. ஈண்டுப் பாலை என்றது ஒரு மரத்தை. பால் பொருந்திய பட்டையும், உலக்கை செய்தற்கேற்ற வயிரமும், சிறிய மஞ்சள் நிறப் பழமும் உடைய மரம் அது. ஈழத்து வன்னிக் காடுகளில் பாலைப்பழம் பழுக்குங் காலத்தில் அதனைத் தின்று மகிழாத சிறுவர் இலர். பாலை மரங்கள் அடர்ந்த வனமே பாலைவனம். அங்குள்ள தலமரமும் பாலையே.

இப்பாலைக்கு நெருங்கிய உறவாய மரம் ஒன்றுண்டு. தாவர நூலார் பாலையையும் அதனையும் இலுப்பையையும், பிற்காலத்தில் அயல்நாட்டிலிருந்து வந்த சப்போட்டாவையும் ஒரே குடும்பத்தில் வைத்து எண்ணுவர். அதுவே மகிழ். வகுளம் என்பது வடமொழிப் பெயர். இலஞ்சி என்றும் தமிழில் அதற்குப் பெயருண்டு. மலையாள நாட்டில் இன்றும் அப்பெயரே வழங்குகின்றது. கொச்சியை ஆண்ட உலாந்தர் தலைவர் வான் ரீடு என்பார் அந்நாட்டு மரஞ்செடிகளைப் படமெழுதி, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்சுடர்டாம் நகரில் வெளிவரச் செய்தார். மலையாளத்தார் சொன்ன இலஞ்சி அந்நூலில் எலெங்கி என்று ஏறிற்று. 1753-இல் லின்னேயசு என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் உலகத்துத் தாவரங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வகுத்தபோது அச்சொல்லையே எடுத்து, மிமுசோப்சு எலெங்கி என்று பெயரிட்டார். ஆகவே உலகெங்கும் உள்ள தாவர நூலார் இம்மரத்தைச் சுட்டும்போதெல்லாம், தாம் அறியாமலே, தென்னாட்டுச் சொல்லொன்றைச் சொல்லி வருகின்றனர்.

மகிழ் கடல் சூழ்ந்த நிலங்களின் மரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும், ஈழத் தீவின் காடுகளிலும், அந்தமான் தீவுகளிலும், மலாய் நாட்டிலும், சாவகம் முதலிய கீழைத் தீவுகளிலும், அவற்றுக்கும் அப்பால் ஆசுத்திரேலியாவின் வடகோடியிலும் அது தானே முளைத்து வளர்கின்றது. சிங்களவர் அதன் பூவை மூணமல் என்பர். மலாய் மொழியினர் தஞ்சோங் பூ என்பர். கடற்காற்றின் உப்பு அதனை வாட்டுவதில்லை. சோழமண்டலக் கரையை ஒட்டி, மழை குறைந்த காலத்தும் இலை உதிராது பசுமையாய் நிற்கும் காடொன்று முற்காலத்தில் நெடுகிலும் இருந்தது. மகிழும் பாலையும் நாவலும் அக்காட்டுக்குரிய மரங்கள். இன்று அது துண்டு துண்டாய்ச் சில இடங்களிலேயே எஞ்சியுள்ளது. அவற்றுள் ஒன்று இங்கிருந்து தொலைவில் இல்லை. பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவே அது. 1971 முதல் அத்தீவிலிருந்து வானில் ஏவூர்திகளைச் செலுத்தி வருகின்றனர். அதன் பொருட்டு இட்ட காவல், பிற இடங்களில் அழிந்த காட்டின் ஒரு பகுதியை அங்கே பிழைக்க வைத்துவிட்டது. விண்ணை அளக்கப் போனவர் மண்ணில் நின்ற மரத்துக்கு வேலியானார்.

மகிழின் இயல்பை அறியாதார் பொருட்டுச் சிறிது சொல்லுதல் வேண்டும். விளிம்பு நெளிந்த, பளபளப்பான இலை. வட்டமாய்க் கவிந்து அடர்நிழல் தரும் தலை. கருமை படர்ந்த பட்டை. பூ மிகச் சிறியது. வெண்மையும் இளமஞ்சளும் கலந்து, விண்மீன் வடிவினது. மல்லிகையைப் போல் கண்ணைக் கவராது; இலைக்குள் மறைந்தே பூக்கும். இரவில் மலர்ந்து விடியலில் உதிரும். உதிர்ந்த பின்னரே அது உள்ளதென்று பலரும் அறிவர். நடுவே துளையிருத்தலின் ஊசியின்றியே நாரில் கோக்கலாம். வாடி நிறம் மாறிய பின்னும் மணம் போகாது. பெட்டியில் துணிகளுக்கிடையே மகிழம்பூவை இட்டு வைத்த பாட்டிமார் இதனை அறிவர். தமிழ்நாட்டு மகளிர் ஒரு முறுக்குக்கு மகிழம்பூ முறுக்கு என்றே பெயரிட்டனர்; வைணவப் பெரியார் நம்மாழ்வார் வகுளாபரணர் எனப் பெற்றார். அடுக்களை முதல் ஆழ்வார் திருமார்பு வரை இப்பூவுக்கு இடமுண்டு. நிலத்தில் வீழ்ந்த மலரை இறைவனுக்குச் சாத்தலாகாது என்பது பொது விதி. மகிழுக்கும் பவழமல்லிக்கும் விலக்குக் கொள்ளும் வழக்குமுண்டு. மரத்தடியில் மாலையிலேயே தூய துணி விரித்து வைத்து, விடியலில் மலரெடுப்பார் பழைய நந்தவனத்தார். பழம் சிவந்த மஞ்சள் நிறத்தது. துவர்ப்பும் இனிப்பும் கலந்தது. பட்டையின் துவர்ப்பு பல்லீறுகளுக்கு நன்மை செய்வது. மரம் மிகக் கடினம். மிக மெதுவாக வளர்வது. அவசரக்காரர்க்கு ஏற்ற மரமன்று.

திருவண்ணாமலையில் தலமரம் இம்மகிழே. ஆயினும் மகிழின் பெயரைச் சைவ உலகில் என்றும் நிலைபெறச் செய்த தலம் திருவொற்றியூர். நெடுங்காலம் பழைய செங்கழுநீர்ப்பட்டு மாவட்டத்திலும், பின்னர்த் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருந்து, இப்போது சென்னை மாநகரோடு சேர்ந்துவிட்ட தலம் அது. ஆங்கு மகிழின் கீழ் நிகழ்ந்த ஒரு செய்தியைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில், ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துள் வைத்து விரிவாகப் பாடியுள்ளார். பலமுறை கேட்ட வரலாறுதான். ஆயினும் மரத்தை நடுவே வைத்து அதனை ஒருமுறை கேட்டல் தகும்.

சங்கிலியார் பிறந்த ஊர் ஞாயிறு. பொன்னேரிப் பக்கத்து அவ்வூர் இன்றும் அப்பெயரோடு உள்ளது. வேளாண் குடியில் ஞாயிறு கிழவர் மகளாய்ப் பிறந்த அம்மையார், மணப்பேச்சு எழுந்தபோது, தாம் சிவபெருமானுடைய அடியார் ஒருவர்க்கே உரியர் என்று கூறித் துறந்தார் போல் நின்றார். பெற்றோர் அஞ்சி, அவர் கருத்தின்படியே ஒற்றியூரில் கன்னிமாடம் அமைத்து அங்கு இருத்தினர். பெருமானுக்கு மாலை தொடுத்தலே அவருடைய பணி. நம்பியாரூரர் ஒற்றியூர் வந்து திருப்பூமண்டபத்தில் அவரைக் கண்டார். பெருமானிடமே சென்று, அவரைத் தமக்குத் தரல் வேண்டும் என்று வேண்டினார். பெருமான் சங்கிலியார் கனவில் தோன்றி ஆரூரர் கருத்தை உரைத்தார். அம்மையார் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு தடையை எடுத்து மொழிந்தார். அவர் திருவாரூரில் பரவையாரோடு மகிழ்ந்து வாழ்பவர் என்பதை எம்பெருமான் திருவுள்ளம் கொள்ள வேண்டும் என்பதே அத்தடை. ஒரு பெண் இறைவன் திருமுன்பும் அஞ்சாது தன் வாழ்வின் நிலையை எண்ணிக் கேட்ட இச்சொல் பெரிதும் போற்றத்தக்கது. பெருமான், உன்னைப் பிரியேன் என்று அவன் சூளுறவு செய்து தருவான் என்றருளினார்.

பின் ஆரூரரிடம் சென்று, சூளுறவு செய்தல் வேண்டும் என்றார் பெருமான். ஆரூரர் உடன்பட்டார். உடன்பட்டவர் தம் உள்ளத்தில் ஒன்றை எண்ணினார். பிற தலங்களையும் சென்று வணங்கும் இயல்புடைய தமக்கு ஒற்றியூரை விட்டு நீங்கேன் என்னும் சூள் ஒரு தளையாகுமே! ஆகலின் பெருமானிடம் ஒரு வரம் கேட்டார். தாம் சங்கிலியாரோடு திருமுன்பு வந்து சூள் உரைக்கும்போது, தேவரீர் கருவறையை விட்டு மகிழின் கீழ் எழுந்தருளியிருத்தல் வேண்டும் என்பதே அவ்வரம். பெருமான் புன்முறுவலோடு இசைந்தார். தம்பிரான் தோழரல்லவா? தோழர் கேட்டதை மறுப்பதெங்ஙனம்?

இசைந்த பெருமான் மீண்டும் சங்கிலியார் கனவிற் சென்றார். நாளை அவன் கோயிலுள் வந்து சூளுரைப்பேன் என்பான், அதற்கு இசையாதே, மகிழின் கீழ் உரைக்கச் சொல் என்றார். விடிந்தது. ஆரூரர் முன்வந்தார். சங்கிலியாரின் தோழியர், இதன் பொருட்டுப் பெருமான் திருமுன்பு சூளுரைத்தல் தகாது, மகிழின் கீழ் உரைத்தல் அமையும் என்றனர். ஆரூரர் திகைத்தார். மறுக்க வழியில்லை. தாமே வேண்டித் தாமே பெருமானை எழுந்தருளச் செய்த அந்த மகிழை மும்முறை வலம் வந்து, ஒற்றியூரை விட்டு நீங்கேன் என்று சூளுரைத்தார். மறைந்து நின்று கண்ட சங்கிலியார், பெருமான் ஆணையால் அன்றோ இவர்க்கு இத்துன்பம் செய்தேன் என்று உள்ளம் நொந்தார். வென்றவர் மகிழவில்லை. இதனைச் சேக்கிழார் சொல்லாது விட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

இதனைக் கேட்போர் சிரிப்பது வழக்கம். தோழனைத் தோழன் ஏய்த்த விளையாட்டு என்று பேசுவாரும் உண்டு. உற்று நோக்கின் ஈண்டு ஏய்ப்பு ஒன்றுமில்லை. மகிழின் கீழ் இருக்குமாறு வேண்டினார் ஆரூரர். பெருமான் அங்ஙனமே இருந்தார். சொன்ன சொல்லில் ஓரெழுத்தும் தவறவில்லை. தவறு ஆரூரர் கணக்கில் இருந்தது. கருவறையில் ஒருவர் முன் உரைத்தால் அது சூள். கருவறை வெறிதாயின் அது வெறுஞ்சொல் என்பது அவர் கணக்கு. இறைவன் இருக்கும் இடம் ஒன்று, இல்லாத இடம் மற்றொன்று என்று பிரித்த கணக்கு அது. எங்கும் நிறைந்த பொருள் என்று பாடியவர் திருவாயிலிருந்தே அக்கணக்கு பிறந்தது என்பதுதான் வியப்பு. ஆசை வந்தால் அறிந்ததும் மறக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? மரம் அக்கணக்கைத் திருத்தியது. சுவரும் கதவும் திரையும் இல்லாத இடம் மரத்தடி. எவரும் வரலாம், எவரும் கேட்கலாம். உள்ளே சொல்லாததை வெளியே சொல்ல வைத்தான் இறைவன்.

ஒற்றியூரார் இந்நிகழ்ச்சியை மறந்தாரல்லர். அங்கு மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை என்று ஒரு நாளே அதற்கென உள்ளது. இரண்டாம் இராசாதிராச சோழன் காலத்துக் கல்வெட்டொன்று இன்னும் அரிய செய்தியைத் தருகின்றது. திருவிழாக் காலத்தில் படம்பக்க நாயகர் தேவியோடு மகிழின் கீழ் எழுந்தருளி, ஆளுடைய நம்பி ஸ்ரீபுராணம் கேட்டருளினார் என்று அது கூறும். சதுரானன பண்டிதர் உடனிருந்தமையையும் குறிக்கும். ஆளுடைய நம்பி என்பது சுந்தரர் பெயர். சேக்கிழார் பாடிச் சில பத்தாண்டுகளே கழிந்த 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சூளுரைத்தவரின் வரலாற்றைச் சூளுரைத்த மரத்தடியிலேயே, சூளைக் கேட்ட பெருமானே மீண்டும் அமர்ந்து கேட்டார்! கல்லில் எழுதி வைத்ததனால் இன்று தெரிகின்றது.

சூள் பிழைத்த பின் நிகழ்ந்தது இம்மாவட்டத்தாருக்கு நெருங்கிய செய்தி. இளவேனில் வந்தது. தென்றல் வீசிற்று. திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வந்தது. ஆரூரர் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். கடந்த அக்கணமே இரு கண்ணும் ஒளியிழந்தன. அவர் திரும்பவில்லை. முன்னே நடந்தார். வடதிருமுல்லைவாயில் சென்று பாடினார். அடுத்துத் திருவெண்பாக்கம். ஆங்குப் பெருமானை நோக்கி, கோயிலின் உள்ளீரோ என்று வினவ, உள்ளோம், செல்க என்னும் பொருள்பட விடை வந்தது. ஊன்றுகோல் ஒன்றும் கிடைத்தது. பின் பழையனூர்த் திருவாலங்காடு. காஞ்சியில் இடக்கண்; நெடுந்தொலைவு கடந்து திருவாரூரில் வலக்கண். பார்வையிழந்தவராய்ச் சுந்தரர் தட்டுத்தடுமாறி நடந்த வழி முல்லைவாயில் தொடங்கி ஆலங்காடு வரை திருவள்ளூர் மாவட்டத்து மண்ணே. அம்பத்தூரில் 1964-இல் தொடங்கிய தொழிற்பேட்டையைக் கடந்து நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் அப்பழைய வழியின் அருகேதான் செல்கின்றனர்.

திருவெண்பாக்கத்தில் ஒரு சிறிது நிற்றல் வேண்டும். உள்ளீரோ என்று கேட்டவர் யார்? கருவறையில் இல்லாதிருக்குமாறு முன்பு வேண்டியவரே அவர். வேண்டாதபோது மரத்தடியிலும் இருந்தவன், வேண்டி அழைத்தபோது உள்ளே இருந்தே ஏதிலார் போல விடை தந்தான். கோபமுற்ற சுந்தரர் ஊன்றுகோலை வீச, அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பது தலவழக்கு. அப்பழைய தலம் இன்று அவ்விடத்தில் இல்லை. கொசத்தலை ஆற்றின் குறுக்கே சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டு 1944-இல் நிறைவெய்தியது. கோயில் நீர்ப்பரப்பினுள் அகப்பட்டமையின், மூர்த்தங்களைப் பெயர்த்துக் கரையில் பூண்டியிற் கொணர்ந்து கோயில் எடுத்தனர். ஊன்றீசுவரர் அங்கே எழுந்தருளியுள்ளார். சென்னை மக்கள் பருகும் நீரின் ஒரு பங்கு, சுந்தரர் நின்று வினவிய நிலத்தின் மேல் நிற்கும் நீராகும். பெருமானைப் பெயர்க்க இயன்றது. நந்தியைப் பெயர்க்க இயன்றது. மண்ணோடு வேர்கொண்டு நிற்கும் தலமரத்தைப் பெயர்ப்பதெங்ஙனம்? புதிய இடத்தில் புதிய கன்றையே நட முடியும்.

இந்த ஓர் இடர்ப்பாட்டை எண்ணினால் தலமரத்தின் அருமை விளங்கும். கோபுரம் சிதைந்தால் சுதை பூசலாம். கொடிமரம் பழுதானால் வேறு மரம் கொணர்ந்து செப்புத் தகடு போர்த்தலாம். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மருந்து சாத்திக் குடமுழுக்காடுதற்கு ஆகமம் வழி வகுத்துள்ளது. பட்டுப்போன மரத்துக்குச் சாத்தும் மருந்து எந்த ஆகமத்திலும் இல்லை. மரம் உயிர்ப்பொருள். அதற்கும் வயதுண்டு, முடிவுண்டு. வித்து முளைத்து அடுத்த மரமாய் நின்றாலன்றித் தொடர்ச்சியில்லை. ஆசிரியர் மாணாக்கர்க்கு உரைத்து, அவர் தம் மாணாக்கர்க்கு உரைத்து வரும் மடத்து மரபு போன்றதே மரத்தின் மரபும். இடையில் ஒரு தலைமுறை கைவிட்டால் அறுந்து போகும்.

கைவிடுவது பகைவர் அல்லர் என்பதுதான் வருத்தத்துக்குரியது. திருப்பணிக் காலத்தில், அன்பின் மிகுதியால், கோயில் மரங்கள் பல மடிகின்றன. நேர்த்தியாக இருத்தல் வேண்டுமென்று திருச்சுற்று முழுதும் கருங்கல் தளவரிசை பதிக்கின்றனர். மரத்தின் கழுத்துவரை சிமிட்டி பூசுகின்றனர். வேருக்குக் காற்றும் இல்லை, மழைநீரும் இல்லை. மரத்தைச் சுற்றி மேடை எழுப்பி அடிமரத்தில் மண் நிரப்புகின்றனர்; பட்டை அழுகுகின்றது. குழல்விளக்கு மாட்ட ஆணி அறைகின்றனர். உபயதாரர் பெயர்ப் பலகைக்கு இன்னும் இரண்டு ஆணி. அடிமரத்தை ஒட்டி நெய்விளக்கும் கற்பூரமும் ஏற்றிப் பட்டையைக் கருக்குகின்றனர். மகிழ் பொறுமையான மரம். உடனே பட்டுப் போவதில்லை. சில ஆண்டுகள் பூக்குறையும். பின் உச்சிக் கிளை காயும். அதன் பின் ஒருநாள் காற்றில் சாயும். மரம் தானே விழுந்தது என்பர். தலமரத்தின் கிளை விரிந்த அளவுக்காவது அடியில் மண் வெறுமையாய் இருத்தல் வேண்டும் என்பதை ஓதுவார் முதல் கொத்தனார் வரை அனைவரும் அறிதல் நன்று. அவ்வெற்று மண்ணுக்கு உபயதாரர் கிடைப்பதில்லை. அதில் பெயர் பொறிக்க இயலாதன்றோ!

மற்றொன்றும் சொல்லுதற்குரியது. கும்மிடிப்பூண்டி வட்டாரம் உழைப்பால் உயர்ந்த வட்டாரம். பல மாநிலத்தவர் வந்து இங்குள்ள ஆலைகளில் உழைத்து உண்கின்றனர். ஆலையுடையாரும் பணிபுரிவாரும் தந்த பொருளாலேயே இத்தகைய திருப்பணிகள் நிறைவேறுகின்றன. அவர்தம் அறம் வாழ்க. ஆயினும் சுந்தரர் போட்ட பழைய கணக்கு இன்றும் சிலரிடம் வழங்குகின்றது. கருவறைக்குப் பொன் தகடு தருவர். ஆலையின் பின்புறத்து ஓடையில் என்ன நிறத்து நீர் ஓடுகின்றது என்று பாரார். திருமுன்பு நின்று நீறு பூசுவர். இரவில் புகைபோக்கி எதனைக் கக்குகின்றது என்று வினவார். இறைவன் உள்ளே இருக்கின்றான், வெளியே இல்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம். கொசத்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்த மீனவர் துயருற்ற செய்தி நாடறிந்தது. வெண்பாக்கத்தில் சுந்தரர் நின்ற கரையைத் தொட்டு வரும் ஆறு அது. மரத்தின் இலைமேல் படியும் நீறு திருநீறன்று.

இங்கும் மகிழ் உதவிக்கு வருகின்றது. தூசு நிறைந்த காற்றைத் தாங்கி வாழும் மரங்களுள் அது ஒன்று. ஆண்டு முழுதும் இலை நிறைந்திருத்தலின் தூசைத் தன்மேல் ஏற்றுக் காற்றைத் தூய்மை செய்கின்றது. ஆலைகளைச் சூழ்ந்து வளர்க்க வேண்டிய பசுமை வளையத்துக்கு ஏற்ற மரங்களின் வரிசையில் வல்லுநர் மகிழையும் சேர்த்துள்ளனர். ஆலை வாயிலில் குரோட்டன் தொட்டிகளை அடுக்கி வைப்பதினும் மதிலோரம் பத்து மகிழ் வைத்தல் நன்று. சூளுரைத்த மரம் ஆலை வாயிலில் நிற்பதில் ஒரு பொருத்தமும் உண்டு; அதனைக் கடந்தே எவரும் உட்செல்லல் வேண்டும்.

வளர்க்கும் முறை அரிதன்று. பழுத்து உதிர்ந்த பழத்தின் சதையை நீக்கி, விதையைக் கழுவி, நிழலில் மணலும் மக்கிய எருவும் கலந்த மண்ணில் ஊன்றினால் சில வாரங்களில் முளை தோன்றும். முதல் இரண்டு கோடைகளில் நீர் தவறாது ஊற்றுதலும், ஆடு கடிக்காமல் வேலி இடுதலுமே பெரிய வேலை. முழங்கால் உயரம் வருவதற்கே பொறுமை வேண்டும். விரைந்து வளரும் கன்றுகளை நட்டு நிழற்படம் எடுத்துக் கொள்ள விழைவார்க்கு இது உதவாது.

இத்திருக்கோயிலின் வடபுறத் திருச்சுற்றில் பத்தடிக்குப் பத்தடி நிலம் கல் பதியாது விடப்பட்டிருப்பதை அன்பர்கள் இன்று வலம் வரும்போது காணலாம். திருச்சுற்று முழுமைக்கும் தளவரிசை அமைக்க ஓர் அன்பர் முன்வந்தார். அவ்விடத்தை மட்டும் விடுக என்று திருப்பணிக் குழுவினர் கேட்டபோது, உபயம் குறைவுபடுமே என்று முதலில் மனங்கலங்கினார்; பின் காரணம் கேட்டு உடன்பட்டார். அவ்வளவு கல்லுக்கான பொருளைக் கொண்டு கன்றுக்குக் கம்பி வேலியும், மழைநீர் அங்கே வந்து சேர ஒரு சிறு கால்வாயும் அமைந்தன. பெயர்ப் பலகை வேண்டா என்று அவரே சொல்லிவிட்டார். அங்கே நிற்கும் மகிழங்கன்றுக்கு இப்போது ஒன்பது இலைகள். மாலைதோறும் தேவாரம் பயில வரும் சிறுமியர் முறைவைத்து அதற்கு நீர் ஊற்றி வருகின்றனர். அது முதற்பூ பூத்துத் துணி விரிக்கும் நாளில் அவருட் சிலர் மணமாகி வேற்றூர் சென்றிருப்பர். நீர்க்குடம் வேறு சிறுமியர் கையில் இருக்கும்.